சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம்

1

வலது கை நடுவிரல் மூட்டு வீங்கி ஐந்து நாளாகிறது. நீலம் வெளுத்து மஞ்சளுக்கு வந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கார்க் கதவில் நசிந்துவிட்டது என்று சொல்லி வருகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அன்ரிக்கும் அதுதான், மருந்துக்கடையில் நிற்கிற பெண்ணுக்கும் அதுதான். உங்களுக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். ரிவோல்வர் இடித்தது.

திடுக்கிடத் தேவையில்லை. நான் ஒருவரையும் சுடவில்லை, என்னையும் ஒருவரும் சுடவில்லை. காகிதத்தில் அச்சடித்த வட்டத்தைப் பார்த்துச் சுட்டேன். அதிலும் படவில்லை.

கனடாவில் இப்போது தனி ஆட்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் சுடுகிற கூடங்கள் இருக்கின்றன. அங்கே போய், அவர்களுடைய துப்பாக்கியால், அவர்களுடைய ஆள் பக்கத்தில் நிற்க, சுட்டுப் பார்த்துவிட்டு வரலாம். பிறந்தநாளுக்குப் போவார்கள், கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளையும் கூட்டாளிகளுமாகப் போவார்கள். நினைவு நாள் பூசை முடிந்த கையோடு போன குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நினைவு நாள் தாசன் அண்ணையுடையது. என் ஒரே தமையன். தீவில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் பத்துப் பேராவது உயிரோடு இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் செய்த காரியத்தை நான் செய்ததாக, இங்கே ரொறன்ரோவில், மல்வேர்னில் என் வீட்டுக்குள், இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதை நம்பியது ஒரு ஆள். என் மகள் நிரோஜா.

2

நான் கனடாவுக்கு வந்தது அகதியாக. கார் உதிரிப்பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காற்றில் இயங்குகிற ஒரு கருவியால் ஆணி முடுக்குவது என் வேலை. இருபத்திரண்டு வருடம் அதே ஆணி, அதே ஓட்டை. பிலோமினாவைக் கட்டியது இங்கேதான். நிரோஜா பிறந்ததும் இங்கேதான். அவளுக்கு இப்போது முப்பத்தொரு வயது.

என் ஆங்கிலம் தொழிற்சாலைக்குப் போதும், வெளியே போதாது. நிரோஜாவுக்கு எட்டு ஒன்பது வயது வந்தபோதே நான் வாயை மூடிவிட்டேன். அரசாங்கக் கந்தோர்களில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்னைப் பார்த்துக் கேட்பார். நான் பிள்ளையைப் பார்ப்பேன். பிள்ளை பதில் சொல்லும். பிறகு அவரும் என்னைப் பார்ப்பதை விட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைச் சந்திக்கிற நாளில் ரீச்சர் ஐந்து நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நிரோஜா என் பக்கம் திரும்பி, "நல்லாப் படிக்கிறனாம்" என்றாள். அவ்வளவுதான். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் அவள் என் கையைப் பிடிக்காமல் இரண்டு அடி முன்னால் நடந்தாள்.

அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் ஒருவரிடம், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த துணிச்சலான காரியம் எது என்று கேட்டு எழுத வேண்டும். குசினி மேசையில் எனக்கு முன்னால் பென்சிலோடு வந்து இருந்தாள்.

"அப்பா, நீங்கள் பிரேவா என்னவும் செய்தனீங்களோ?"

நான் யோசித்தேன். மற்றவர்களைப் போல நான் கப்பலில் வரவில்லை, காடு கடக்கவில்லை. விமானத்தில் வந்து இறங்கி, கடவுச்சீட்டைக் கிழித்து, அழுதுகொண்டு நின்ற ஆள் நான். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அப்பா, நான் வேறை ஆரையும் கேக்கட்டே?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கந்தோர்ப் படிவத்தில் எனக்குப் பொருந்தாத கேள்விக்குப் பக்கத்தில் கோடு இழுப்பாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இரு பிள்ளை" என்றேன். தாசன் அண்ணையின் கதையை 'நான்' போட்டுச் சொன்னேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தீவையும் குடாநாட்டையும் இணைக்கிற தாம்போதி, கடலுக்கு நடுவில் போட்ட பாதை. ஆமி வருகிறது என்று சனம் மூட்டை முடிச்சோடு ஓடுகிறது. கடைசி ஆள் கடந்து போகும்வரை தாம்போதியின் இந்தப் பக்கத்தில், இடிந்த மதகுக்குப் பின்னால் ஒரு இளைஞன் படுத்திருக்கிறான். கையில் ஒரு பழைய ரிவோல்வர், ஆறு குண்டு. மிகவும் பழசு. ஒவ்வொரு வெடிக்கும், குழலுக்குப் பின்னால் சுத்தியல் போல இருக்கிற குதிரையைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்காமல் விசையை எவ்வளவு அமத்தினாலும் அது அசையாது. ஆறு தரம் இழுத்தான், ஆறு தரம் சுட்டான். யாருக்குப் பட்டது என்பது தெரியாது. வந்த வாகனம் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. சனம் தப்பிவிட்டது.

குதிரையை இழுக்கிற இடம் நிரோஜாவுக்குப் பிடித்துப் போய்விட்டது. தன் பெருவிரலை மடித்து மடித்துப் பார்த்தாள். "சிக்ஸ் ரைம்ஸ்? ஆறு தரமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பிலோவுக்கு உண்மை தெரியும். "பிள்ளைக்குச் சொல்லிப்போடுங்கோ, உது நல்லாயில்லை" என்று முதல் வருடம் மூன்று நாலு தரம் சொன்னாள். பிறகு விட்டுவிட்டாள். நான் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் கதையில் ஏதாவது சேர்ந்துகொண்டே வந்தது. வெயில் சேர்ந்தது. தாகம் சேர்ந்தது.

கதையில் நான் சேர்க்காத பகுதி ஒன்று இருக்கிறது. தாம்போதிச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு பின்னேரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். பழைய சாரத்தால் சுற்றிய பொதியை என்னிடம் நீட்டினார்.

"இரண்டு நாளைக்கு வைச்சிரு. வந்து எடுக்கிறன்."

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "எனக்கு ஏலாது அண்ணை" என்றேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "சரியடா, விடு" என்று பொதியைச் சைக்கிள் பைக்குள் வைத்து, வேறு யாரிடமோ கொடுக்கப் புறப்பட்டார். வழியில் மறித்துக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. மறித்தது ஆமி அல்ல. எந்த இயக்கம் என்று எழுதப் போவதில்லை. உங்களில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிறீர்கள்.

அன்று அந்தப் பொதியை நான் வாங்கியிருந்தால் அவர் அந்த ரோட்டால் போயிருக்கத் தேவையில்லை. எந்தத் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டினேனோ, அதையே என் கையில் வைத்து மகளுக்குக் கதை சொன்னேன்.

3

ஐந்து வருடத்துக்கு முன் நிரோஜாவுக்கு ஒட்டாவாவில் அரசாங்க வேலை கிடைத்தது. மத்திய அரசாங்கம். கடிதம் வந்த அன்று பிலோ தெரு முழுக்க உழுந்து வடை கொடுத்தாள். இரண்டு கிழமை கழித்து வேண்டாம் என்று எழுதிவிட்டதாக நிரோஜா சொன்னாள்.

"ஏன்?"

"ஒட்டாவா சரியான குளிர் அப்பா."

நான் கத்தினேன். குளிருக்குப் பயந்து அரசாங்க உத்தியோகத்தை விட்ட முதல் தமிழ்ப் பிள்ளை நீதான் என்றேன். அந்தக் கத்தல் ஒரு வருடம் நடந்தது. கோயிலில், கலியாண வீட்டில், யார் பிள்ளைக்கு என்ன வேலை என்று பேச்சு வந்தாலும் நான் தொடங்கிவிடுவேன். அவள் ஒரு நாளும் திருப்பிக் கதைக்கவில்லை. ரொறன்ரோ நகருக்குள் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் சேர்ந்தாள். பிக்கரிங்கில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் ரெயின் பிடிப்பாள், மாலையில் ரெயின் பிடிப்பாள். முதலில் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். பிறகு மாதம் ஒரு தரம். பிறகு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் தாசன் அண்ணையின் நாளுக்கும். இங்கே பிறந்த பிள்ளைகள் இப்படித்தான் என்று நானும் மற்றத் தகப்பன்மாரோடு சேர்ந்து சலித்துக்கொண்டேன்.

இந்த வருடம் பூசை முடிந்து வெளியே வந்ததும், "அப்பா, நீங்கள் என்னோடை வாங்கோ. அம்மா வீட்டை போய்ச் சமைக்கட்டும். உங்களுக்கு ஒரு சப்ரைஸ்" என்றாள். முகத்தில் சின்னப் பிள்ளையில் இருந்த வெளிச்சம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எங்கே என்று கேட்காமல் காரில் ஏறினேன்.

நகரத்துக்கு வடக்கே, களஞ்சியங்களும் ரயர்க் கடைகளும் இருக்கிற தெருவில் ஒரு தகரக் கட்டடம். கதவைத் திறந்ததும் உள்ளே எங்கேயோ டும் டும் என்று கேட்டது. 

"உங்கடை மாதிரியே ஒண்டு வைச்சிருக்கினம் அப்பா. ஒவ்வொரு தரமும் ஹாமரை இழுக்க வேணும். சிங்கிள் ஆக்சன் எண்டு பேர். நான் தேடிப் பிடிச்சனான்."

அவள் இதை மாதக்கணக்காகத் தேடியிருக்கிறாள். பல கூடங்களில் நவீனப் பிஸ்ரல்கள்தானாம். வட்டமான உருளை இருக்கிற ரிவோல்வர் இருந்தாலும் குதிரை தானாக எழும்புகிற வகையாம். அப்பாவுடையது அப்படி இல்லை என்று கேட்டுக் கேட்டு அலைந்திருக்கிறாள். நான் ஒரு கதையில் போட்ட ஒரு வரிக்காக.

ஒரு படிவம் தந்தார்கள். இந்த நாட்டில் சாகப் போனாலும் முதலில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், விலாசம், காது கேட்குமா, மது அருந்தியிருக்கிறீர்களா. பிறகு, முன்பு துப்பாக்கி பயன்படுத்திய அனுபவம் உண்டா. ஆம், இல்லை.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அகதிக் கோரிக்கையிலும் இப்படி ஒரு கேள்வி இருந்தது. ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா, ஆயுதம் வைத்திருந்தீர்களா. இல்லை என்று எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். இப்போது நிரோஜா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். 'ஆம்' என்ற பெட்டியில் கோடு போட்டேன்.

4

எங்களுக்குப் பக்கத்தில் நிற்க வந்தவர் லோரி என்ற பெண். ஐம்பது வயது இருக்கும். நரைத்த தலைமுடியைப் பின்னிக் கட்டியிருந்தார். அமைதியான ஆள். படிவத்தைப் பார்த்துவிட்டு, "பழக்கம் இருக்கிறதா, நல்லது" என்றார். அவர் சொன்னதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

ரிவோல்வர் மேசையில் கிடந்தது. இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. மரப்பிடி, கலப்பையின் மேழி போலக் கீழே வளைந்திருந்தது. நான் எடுத்தேன். என் கைக்குத் தெரிந்த ஒரே வழியில் பிடித்தேன். தொழிற்சாலையில் ஆணி முடுக்குகிற கருவி திமிறும். மேலே ஏற்றி, இறுக்கி, முழுப் பலத்தையும் கொடுத்து அமத்தாவிட்டால் மணிக்கட்டைத் திருகிவிடும். இருபத்திரண்டு வருடம் அப்படிப் பிடித்த கை வேறு எப்படிப் பிடிக்கும்? வலது கையை மேலே ஏற்றி இறுக்கினேன். இடது கையை முன்னால் கொண்டுபோய் உருளைக்குக் கீழே தாங்கினேன்.

லோரியின் கை குறுக்கே வந்தது. மெதுவாக, ஆனால் உடனே. ரிவோல்வரை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"அந்த இடத்தில் விரல் போகவே கூடாது" என்றார். உருளைக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது. சுடும்போது அதற்குள்ளால் நெருப்புப் பக்கவாட்டில் அடிக்கும். விரலைச் சுட்டுவிடும், சில வேளை வெட்டியும் விடும். "இது பழகியவர்களுக்குத் தெரியும்" என்று சொல்ல வாயெடுத்தவர், நிரோஜாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு என்னிடம், "நீங்கள் பழகியது வேறு வகையாக இருக்கலாம்" என்றார். நல்ல மனுசி.

குண்டு போட்டுத் தந்தார். குதிரையை இழுத்தேன். அதையாவது சரியாகச் செய்தேன். சுட்டேன்.

விசையைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையம் பின்னால் வந்து நடுவிரல் மூட்டில் இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது வெடிக்கு இன்னும் இறுக்கினேன். அதே இடத்தில் இன்னும் பலமாக இடித்தது. தோல் கிழிந்தது. காகிதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை.

லோரி மறுபடியும் நிறுத்தினார். "நீங்கள் இதோடு சண்டை பிடிக்கிறீர்கள்" என்றார். இது இறுக்கிப் பிடிக்கிற சாமான் அல்லவாம். கைகுலுக்குகிற அளவுக்குப் பிடித்தால் போதும். பிடி குட்டை, நாலு விரலுக்கும் இடம் போதாது. அதனால் சுண்டுவிரலைப் பிடியின் அடியில் மடித்து வைக்க வேண்டும். அப்போது நடுவிரல் வளையத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கும். வெடித்ததும் பிடி உள்ளங்கைக்குள் உருளும், குழல் மேலே எழும்பும். எழும்ப விட வேண்டும். தடுக்கக் கூடாது. குதிரையை இழுக்க வலது கையை அசைக்கத் தேவையில்லை, இடது பெருவிரல் வந்து இழுத்துவிட்டுப் போகும். வலது கை வைத்த இடத்தில் இருக்கும்.

"நடுவிரல் மூட்டில் காயம் இருந்தால்," என்று சிரித்தார், "அந்த ஆளுக்கு யாரும் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்."

நான் என் நடுவிரலைப் பார்த்தேன்.

தாம்போதி நாளுக்குப் பிறகு ஒரு கிழமை அண்ணையின் வலது கை நடுவிரல் மூட்டில் காயம் இருந்தது. காய்ந்து கறுத்த பொருக்கு. சாப்பிடும்போது சோற்றைக் குழைக்க முடியாமல் கஷ்டப்பட்டார். அம்மா என்ன காயம் என்று கேட்டா. சைக்கிள் செயினில் மாட்டுப்பட்டுப் போச்சு என்றார். நானும் அதைத்தான் நம்பினேன். முப்பத்தெட்டு வருடம் அது சைக்கிள் செயின். இவ்வளவு விபரமாகச் சொன்ன என் கதையில் அந்தக் காயம் இல்லை, ஏனென்றால் அது கதையைச் சேர்ந்தது என்றே எனக்குத் தெரியாது. ஆறு குண்டோடு அவரை அங்கே படுக்க விட்டவர்கள், சுண்டுவிரலை எங்கே வைப்பது என்றுகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு தரமும் இடித்திருக்கும். ஆறு தரமும் பல்லைக் கடித்திருப்பார்.

மிச்ச நாலு குண்டையும் லோரி சொன்னபடி சுட முயன்றேன். சுண்டுவிரலை மடித்தேன். ஒன்றுகூடக் காகிதத்தில் படவில்லை.

பிறகு நிரோஜா எடுத்தாள். சுண்டுவிரல் அடியில். இடது பெருவிரல் குதிரையில். ரிவோல்வர் அவள் கைக்குள் உருண்டு எழும்பியது, அவள் எழும்ப விட்டாள். ஆறு வெடி. ஆறும் காகிதத்தில், நடுவில் இருக்கிற இரண்டு வட்டத்துக்குள். முதல் தரம் தொட்டவள். "நல்ல கை" என்று லோரி சொன்னார். நிரோஜா சிரிக்கவில்லை. என் விரலைப் பார்த்தாள், பிறகு மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள். சுட்ட காகிதத்தை ஞாபகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சுருட்டிக் கொடுத்தார்கள். அவள் அதைக் கைப்பைக்குள் வைத்தாள்.

5

அவள் காரை ஓட்டினாள். நான் விரலைக் கைலேஞ்சியால் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்தேன். மல்வேர்னுக்குத் திரும்புகிற சந்திக்கு முன்னால் ஒரு கோப்பிக் கடை வளவுக்குள் காரை விட்டு நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை.

"அப்பா, நீங்கள் இங்கை வரேக்கை, அந்த ரெஃபியூஜி ஃபோமிலை, வெப்பன் இருந்ததோ எண்டு கேட்டதுக்கு என்ன எழுதினனீங்கள்?"

"இல்லை எண்டு."

"எனக்குத் தெரியும். நான் பார்த்தனான். பதினாறு வயசிலை, பேஸ்மென்ற் சூட்கேசுக்கை அந்த ஃபோமின்ரை கொப்பி இருந்தது." ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அது உண்மையோ?"

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. களைத்துப் போயிருந்தேன்.

"உண்மை" என்றேன். "அது தாசன் பெரியப்பான்ரை கதை. நான் ஒரு நாளும் தொடேல்லை."

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது. மழை பெய்யவில்லை. அவள் கை தவறுதலாகப் பட்டிருக்க வேண்டும்.

"ஒட்டாவா வேலைக்கு ஒரு ஃபோம் தந்தவை" என்றாள். "செக்யூரிட்டி கிளியரன்ஸ். அப்பான்ரை பேர், பிறந்த இடம், எப்ப வந்தவர், எல்லாம் கேட்டிருந்தது. உங்களைத் தோண்டுவினம் எண்டு நினைச்சன். நீங்கள் பொய் எழுதினது பிடிபட்டா சிற்றிசன்சிப்பை எடுத்துப்போட்டு அனுப்பிவிடுவினம். நான் தேடி வாசிச்சனான் அப்பா. ஒவ்வொரு நாளும் வாசிச்சனான். அதாலைதான் வேண்டாம் எண்டனான்."

"குளிர் எண்டு சொன்னியே" என்றேன். 

"ஓம்."

"நான் உன்னை எவ்வளவு பேசினன்."

"ஓம்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதற்கென்று கேட்பது? கதைக்கா, கத்தினதற்கா, வேலைக்கா, ஐந்து வருடத்துக்கா? தமிழில் எனக்கு ஒரு காலமும் சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. அன்று வந்தது. அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழுதிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். அவள் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் கார் வருகிறதா என்று கவனித்து, வளவிலிருந்து எடுத்தாள்.

"ஏன் அப்பா எனக்குச் சொன்னனீங்கள்?" என்று ஒரு தரம் மட்டும் கேட்டாள்.

"நீ வேறை ஆரையும் கேக்கட்டே எண்டனி" என்றேன்.

அவளுக்கு அது ஞாபகத்தில் இல்லை. ஒன்பது வயதில் கேட்டது எப்படி ஞாபகம் இருக்கும்?

6

பிலோ மேசையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அண்ணைக்குப் பிடித்த கணவாய்க் கறி, முருங்கையிலை வறை. சுவரில் அண்ணையின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. இருபத்தெட்டு வயதுப் படம். எனக்கு இப்போது அறுபத்துநாலு. பார்க்கிறவர்கள் மகனா என்று கேட்பார்கள்.

நான் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"எங்கை போனனீங்கள் இவ்வளவு நேரம்?" என்றாள் பிலோ.

"சூட்டிங் ரேஞ்சுக்கு அம்மா. அப்பான்ரை மாதிரி ரிவோல்வர் இருந்தது."

பிலோ அகப்பையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக இந்த நாளுக்குப் பயந்துகொண்டிருந்தவள் அவள். "எப்பிடி? சுட்டவரோ?" என்று கேட்டாள். 

நிரோஜா கைப்பையைத் திறந்தாள். சுருட்டிய காகிதத்தை எடுத்து மேசையில் விரித்து, ஒரு பக்கத்தில் உப்புப் போத்தலையும் மற்றப் பக்கத்தில் தண்ணீர்க் கிளாசையும் வைத்தாள்.

"ஆறும் பட்டிருக்கு அம்மா. பாருங்கோ. அப்பாவுக்கு இன்னும் மறக்கேல்லை."

சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். நான் காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை. கண் ஒரு தரம்கூட வெட்டவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒட்டாவா குளிர் என்று சொன்னபோதும் இதே முகம்தான். அன்று நான் கத்துகிற மும்முரத்தில் காதைப் பார்க்கவில்லை.

பிலோ அந்த ஆறு ஓட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது பிள்ளைக்கும் தெரியும். மூன்று பேரும் தெரிந்துகொண்டு கணவாய்க் கறி சாப்பிட்டோம். என்னால் சோறு குழைக்க முடியவில்லை. கரண்டி கேட்டேன். பிலோ கொண்டுவந்து வைத்தாள், விரலைக் கண்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் நிரோஜா கோட்டைப் போட்டாள். வாசலில் தாயைக் கொஞ்சினாள். என்னைப் பார்த்து, "ஐஸ் வையுங்கோ அப்பா" என்றாள். அடுத்த தரம் எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வழக்கமாகப் பிக்கரிங் போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு செய்தி போடுவாள். அன்று போடவில்லை. இன்றுவரை போடவில்லை.

காகிதத்தை எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தபோது பிலோ அதை அண்ணையின் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டிருந்தாள். நாலு மூலையிலும் ஒட்டுகிற ரேப் போட்டு, நேராக.  நிரோஜா போகும்போது காகிதத்தின் அடியில் பேனையால் என் பெயரையும் தேதியையும் எழுதியிருந்தாள். தமிழில் எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழில் எழுதத் தெரிந்த ஒருசில சொற்களில் என் பெயர் ஒன்று.